வித்தும் ஓர் அமானிதமே
(ஜுமுஆ உரை)

வித்தைப் பிளந்து முளையை வெளிப்படுத்தி, காய்ந்து கிடக்கும் மண்ணுக்கு மழையால் உயிரூட்டும் வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரியது. அவனது அருளும் சாந்தியும் அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்கள் வழி நடக்கும் நம் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் நஸீஹத்துச் செய்துகொள்கிறேன்.

அமானிதம் என்றதும் அண்டை வீட்டார் கொடுத்து வைத்த நகையும், பயணம் போகிறவர் ஒப்படைத்துச் சென்ற பணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அமானிதங்களை அவற்றிற்குரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தில் இறைவன் இட்ட கட்டளை. தம்மைக் கொல்லக் குறைஷியர் திட்டமிட்ட இரவிலும், மக்காவாசிகள் தம்மிடம் கொடுத்து வைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். பகைவனின் பொருளாயினும் அமானிதம் அமானிதமே! நாம் அப்படி எண்ணிப் பார்க்கத் தவறிவிட்ட ஓர் அமானிதத்தைப் பற்றி இன்று சிந்திப்போம். அதுதான் விதை.

நோன்பு திறக்கும் விரிப்பில்...

ரமளானில் நோன்பு திறக்க நம் குடும்பம் அமரும் விரிப்பை நினைத்துப் பாருங்கள். பேரீச்சம்பழம் அரபுலகம் தந்தது. கஞ்சிக்கான அரிசி ஆசிய உழவர்கள் வளர்த்தெடுத்தது. சுண்டலுக்கான கொண்டைக்கடலையும், சமோசா மாவுக்கான கோதுமையும் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் துருக்கியும் ஷாமும் அடங்கிய நிலப்பகுதியில் பயிராக்கப்பட்டவை. சமோசாவுக்குள் இருக்கும் உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாழ் மக்களின் கொடை. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். போர்ச்சுக்கீசியர் வரும்வரை நம் நாட்டுச் சமையலில் மிளகாயே கிடையாது.

நாம் பெயரறியாத, நம் மொழி அறியாத, நம் மார்க்கத்தைச் சேராத எத்தனையோ தலைமுறை உழவர்கள் பொறுக்கியெடுத்துக் காத்துத் தந்த விதைகளே இன்று நம் பசியைப் போக்குகின்றன. உணவு விஷயத்தில் எந்த நாடும் தனித்து நிற்கவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

வகைகள் ஏன் வேண்டும்?

"நல்ல விளைச்சல் தரும் ஒரு வகை இருந்தால் போதாதா? நூறு வகை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வரலாறு இதற்கு விடை சொல்கிறது. அயர்லாந்து நாட்டின் ஏழை மக்கள் பெரும்பாலும் ஒரே வகை உருளைக்கிழங்கையே நம்பி வாழ்ந்தனர். 1845-இல் தொடங்கிய கருகல் நோய் அந்த வகையை அழித்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அந்நோய் மட்டும் அவர்களைக் கொல்லவில்லை. ஆட்சியாளர்களின் அலட்சியமும் சேர்ந்தே கொன்றது. ஆயினும் வாசலைத் திறந்து வைத்தது, ஒன்றையே நம்பிய நிலைதான்.

இன்னொரு சான்றும் உண்டு. 1970-களில் புகையான் பூச்சி பரப்பிய ஒரு வைரஸ் நோய், ஆசியாவின் நெற்பயிரைக் குட்டையாக்கிப் புல்லைப்போல் ஆக்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தாம் சேமித்து வைத்திருந்த 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தனர். அந்நோயைத் தாங்கும் ஆற்றல் ஒன்றே ஒன்றில் இருந்தது. அது நம் நாட்டின் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டுநெல்! களையென்று பிடுங்கி எறியத்தக்க அந்தப் புல்லின் ஆற்றலைப் பயிர்நெல்லில் சேர்த்ததால், பல நாடுகளின் வயல்கள் பிழைத்தன. அல்லாஹ் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஹலபில் நடந்தது

அன்பிற்கினியவர்களே! ஷாம் தேசத்தின் பழம்பெரும் நகரம் ஹலப். அலெப்போ என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அதன் அருகிலுள்ள தல் ஹத்யாவில், 1977-இல் நிறுவப்பட்ட 'இக்கார்டா' என்னும் வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி மையம் ஒரு விதை வங்கியை நடத்தி வந்தது. கோதுமை, பார்லி, பருப்பு, கொண்டைக்கடலை, தீவனப் பயிர்கள் என ஏறத்தாழ 1,50,000 மாதிரிகள் அங்கு உலர்த்தப்பட்டுக் குளிரறைகளில் காக்கப்பட்டன. வறட்சியையும் வெயிலையும் தாங்கும் பயிர்களைத் தேடுவோருக்கு அது பெரும் கருவூலம்.

2011-இல் சிரியாவில் போர் மூண்டது. 2012-இல் அந்த மையம் தன் தலைமையிடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆனால், அவர்கள் முன்கூட்டியே ஒன்றைச் செய்திருந்தார்கள். வடதுருவத்துக்கு அருகில், நார்வே நாட்டுக்குரிய ஸ்வால்பார்ட் தீவில், மலையைக் குடைந்து அமைத்த உலக விதைக் காப்பகம் 2008-இல் திறக்கப்பட்டது. தம்மிடமிருந்த விதைகளில் பெரும்பகுதிக்கு இரட்டைப் படிகளை அங்கே அனுப்பி வைத்திருந்தார்கள்.

அந்தக் காப்பகத்தின் விதியைக் கவனியுங்கள். பெட்டியைக் கொடுத்து வைத்தவருக்கே அது சொந்தம். காப்பவர் அதைத் திறப்பதில்லை, பிறருக்குக் கொடுப்பதுமில்லை. உரியவர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் மார்க்கச் சட்ட நூல்கள் அமானிதப் பொருளுக்குச் சொல்லும் இலக்கணம் இதுவல்லவா!

2015-இல் உரியவர் கேட்டார். ஸ்வால்பார்டிலிருந்து முதன்முறையாக வெளியே எடுக்கப்பட்டவை ஹலபின் விதைகளே. ஏறத்தாழ 38,000 மாதிரிகள் லெபனானுக்கும் மொராக்கோவுக்கும் சென்றன. அங்கே விதைத்து, அறுத்து, பெருக்கி, 2017-இல் ஏறத்தாழ 15,000 மாதிரிகளை மீண்டும் அந்த மலைக்குள் கொடுத்து வைத்தார்கள். நார்வே காத்தது, லெபனானும் மொராக்கோவும் நிலம் தந்தன, ஹலபின் வித்து பிழைத்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆப்கானிஸ்தானில் 1992-இல் காபூலின் விதைச் சேமிப்பு உள்நாட்டுப் போரில் அழிந்தது. பற்றுள்ள ஊழியர்கள் மீதமிருந்தவற்றைக் கஸ்னியிலும் ஜலாலாபாத்திலும் வீடுகளில் மறைத்து வைத்தனர். 2002-இல் சென்று பார்த்தபோது, கொள்ளையர் புட்டிகளை எடுத்துக்கொண்டு விதைகளைத் தரையில் கொட்டிவிட்டுப் போயிருந்தனர். பாத்திரத்தின் மதிப்பை அறிந்தவர்கள், உள்ளே இருந்த அருளின் மதிப்பை அறியவில்லை! 2003-இல் ஈராக்கின் அபூகுரைப் விதை வங்கியும் போரின்போது சூறையாடப்பட்டது. பயிரையும் சந்ததியையும் அழித்துத் திரிபவனைப் பற்றி அல்பகரா அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. குழப்பத்தை அல்லாஹ் விரும்புவதில்லை.

பங்கீட்டில் நீதி

காப்பது பாதிக் கடமை. நேர்மையாகப் பகிர்வது மறுபாதி.

கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மம் செய்ய வழிகாட்டினார்கள் நபி (ஸல்) அவர்கள். அதன்படி அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுச் சொத்தாகாது. பலன் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உரியது. பராமரிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம்.

பயிர்களின் மூலவளமும் இவ்வாறு நடத்தப்பட வேண்டியதே. 2001 நவம்பர் 3-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மாநாடு ஏற்றுக்கொண்டு, 2004 ஜூன் 29-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் இதை நோக்கி எடுத்து வைத்த ஓர் அடி. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. நெல், கோதுமை உள்ளிட்ட 64 பயிர்களின் பொதுச் சேமிப்புகளை ஆராய்ச்சிக்காக ஒன்றுக்கொன்று திறந்து விட்டுள்ளன. பெற்ற விதையைப் பெற்ற வடிவிலேயே தனக்கு மட்டும் சொந்தமென எவரும் உரிமை கோரக் கூடாது. அதிலிருந்து உருவாக்கிய புதிய வகையைப் பிறர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தவிடாமல் தடுப்பவர், விற்பனையில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்குச் செலுத்த வேண்டும். வறிய நாடுகளில் விதை காக்கும் உழவர்களுக்கு அந்த நிதி உதவும்.

ஏட்டில் இது அழகு. நடப்பிலோ, விதைகள் இலட்சக்கணக்கில் கைமாறியிருந்தும், அவற்றால் இலாபம் கண்டவர்களிடமிருந்து நிதிக்கு வந்தது சொற்பமே. பெரும்பகுதியைச் சில அரசுகளே நன்கொடையாகத் தந்தன. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைத்துவிடுவோருக்குக் கேடு என எச்சரிக்கும் அத்தியாயத்தை நாம் அடிக்கடி ஓதுகிறோம். அந்த எச்சரிக்கை கடைத்தெருத் தராசுக்கு மட்டும்தானா?

மெக்ஸிகோவின் உழவர்கள் வழிவழியாக விளைவித்த மஞ்சள் நிற அவரைக்கு 1999-இல் அமெரிக்காவில் ஒருவர் காப்புரிமை பெற்றார். அதனால் அம்மக்களின் ஏற்றுமதியே தடைப்பட்டது. கொலம்பியாவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி மையம், தன் விதை வங்கியிலிருந்த அதே அவரையைக் காட்டி வழக்காடியது. 2009-இல்தான் அந்த உரிமை இறுதியாக விழுந்தது. பொதுக் கருவூலம் இல்லையெனில் ஏழைக்குச் சாட்சியும் இல்லை!

நாம் செய்ய வேண்டியவை

சகோதரர்களே, தாய்மார்களே! இவையெல்லாம் அரசுகளின் வேலை என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

முதலாவது, நிலமுள்ளவர்கள் அறுவடை நாளிலேயே அதன் கடமையை நிறைவேற்றுங்கள். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, நீரிறைத்து விளைந்ததில் இருபதில் ஒன்று என நபிகளார் வகுத்துத் தந்திருக்கிறார்கள். விளைச்சலில் பிறருக்குப் பங்குண்டு என்னும் பாடத்தின் முதல் எழுத்து அதுவே.

இரண்டாவது, விதையைக் காத்து வையுங்கள். பஞ்சத்துக்காகச் சேமித்தவற்றிலும் சிறிதை ஒதுக்கி வைக்கும்படி யூசுப் (அலை) அவர்கள் சொன்னது விதைக்காகவே என விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். நம் கல்யாண வீட்டுப் பிரியாணிக்குச் சீரகச் சம்பா வேண்டும் என்கிறோம். அதை விதைத்துக் காப்பவர் எவரென்று கேட்பதில்லை. கடலோர உவர்நிலத்தைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற நெல்வகைகள் நம் முன்னோர் விட்டுச் சென்றவை. இவற்றை விளைவிப்பவரிடம் உரிய விலை கொடுத்து வாங்குங்கள்.

மூன்றாவது, உரிமையை அறிந்திருங்கள். இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுச் சட்டம், உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையெடுக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட வகையை வணிக முத்திரையிட்டு விற்பதற்கு மட்டுமே தடை.

நான்காவது, பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் உரிய வக்ஃபு நிலங்களில் ஒரு பாத்தியையேனும் பழைய வகைகளுக்கு ஒதுக்கலாம். வீட்டிலுள்ள தாய்மார்கள் முற்றிய சுரைக்காயிலிருந்தும் பீர்க்கிலிருந்தும் விதையெடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைக்கும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அண்டை வீட்டார் கேட்டால், மதம் பாராது ஒரு பிடி கொடுங்கள். அதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பது உங்களுக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிகளார் சொன்ன நற்செய்தி.

மறுமை நாள் நெருங்கிவிட்ட நிலையிலும் கையில் ஒரு மரக்கன்று இருக்குமாயின், இயன்றால் அதை நட்டுவிடச் சொன்ன நபியின் உம்மத்து நாம். முன்னோரிடம் பெற்ற விதைகளில் எதைக் காத்தீர்கள், எதைப் பகிர்ந்தீர்கள், யாருடைய பங்கைத் தடுத்தீர்கள் என்று நாளை கேட்கப்படும்போது, வெறுங்கையராய் நிற்காதிருப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் வித்துகளிலும் விளைச்சலிலும் பரக்கத்துச் செய்வாயாக. அமானிதம் பேணுவோராகவும், அளவை நிறைப்போராகவும் எங்களை ஆக்குவாயாக. போரால் சிதைந்த நிலங்களில் மீண்டும் கதிர் விளையச் செய்வாயாக. பசித்தவருக்கு எங்கள் கரங்கள் வழியாக உணவளிப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.