கரையை விடும் விவசாயிக்கு ஈடு தருவது யார்?

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வரவு செலவுக் கணக்கை வாசிப்பதற்கு முன் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாய்க்காலை ஒட்டிய நம் நஞ்சையில் வருஷா வருஷம் கரை சரிந்து, அந்த மண் ஊர்க் குளத்தில் போய்ச் சேர்கிறது. ஆகவே கரையிலிருந்து பத்தடி உழாமல் விட வேண்டும் என்று போன வருஷம் குத்தகைதாரர்களுக்குக் கடிதம் அனுப்பினேன். ஒருவரும் விடவில்லை. ஒரு பெரியவர் மட்டும் அலுவலகத்துக்கு வந்து, "பாய், பத்தடியை விடச் சொல்றீங்க, சரி. குத்தகை நெல்லுல எவ்வளவு குறைச்சிருக்கீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகுதான் மற்ற நாடுகளில் இதற்கு என்ன வழி கண்டிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துக்கு வரும் குடிநீரில் பெரும்பகுதி, தொலைவில் உள்ள கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்தும் டெலவேர் ஆற்றுப் பகுதியிலிருந்தும் வருகிறது. அங்கே வாழ்பவர்களில் பலர் பால் மாடு வளர்க்கும் விவசாயிகள். மாடு ஓடையில் இறங்கினால் சாணமும் நோய்க் கிருமியும் தண்ணீரில் கலக்கும். 1989-இல் மத்திய அரசு குடிநீர் விதிகளைக் கடுமையாக்கியது. வடிகட்டும் நிலையம் கட்ட வேண்டும், அல்லது ஊற்றுப் பகுதியையே சுத்தமாகக் காக்க வேண்டும். நிலையம் கட்டப் பல நூறு கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள்.

நகரம் முதலில் செய்ததும் நான் செய்த காரியம்தான். 1990-இல் கடும் கட்டுப்பாடுகளை எழுதி வெளியிட்டது. மலைப்பகுதி விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். "நீங்கள் குடிக்கும் தண்ணீருக்காக நாங்கள் பண்ணையை இழப்பதா?" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நல்லவேளையாக இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. விவசாயிகளே முன்னின்று நடத்தும் ஒரு மன்றம் 1993-இல் அமைந்தது. விரும்புகிறவர் சேரலாம், கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பண்ணைக்கும் அதற்கேற்ற திட்டத்தை விவசாயியோடு சேர்ந்தே வகுப்பார்கள், செலவை நகரம் ஏற்கும். ஆனால் ஐந்து வருஷத்துக்குள் நூற்றுக்கு எண்பத்தைந்து பேராவது சேர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அதற்கும் மேலாகவே சேர்ந்தார்கள்.

1998-இல் ஓடைக்கரை நிலத்துக்கென்று தனித் திட்டமே வந்தது. விவசாயி பத்து முதல் பதினைந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவார். ஓடையோரம் வேலி போட்டு, மரமும் புல்லும் வளர்த்து, மாட்டுக்கு வேறிடத்தில் தண்ணீர்த் தொட்டி அமைப்பார்கள். விட்ட நிலத்துக்கு வருஷந்தோறும் வாடகை உண்டு. கரை இன்னும் விவசாயியின் சொத்துதான்.

இதில் குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். அரிக்கும் நிலத்தை உழாமல் விட வாடகை தரும் திட்டத்தை அமெரிக்க அரசு 1985-லேயே தொடங்கியிருந்தது. 2007-இல் அதன்கீழ் 3.6 கோடி ஏக்கருக்கு மேல் இருந்தது. பிறகு மக்காச்சோளத்தின் விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த பலர் புல்லை உழுதுவிட்டு மீண்டும் விதைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வாடகை விளைச்சலுக்கு ஈடாகாதபோது விவசாயி கணக்குப் பார்க்கத்தான் செய்வார்.

நமக்கும் இது புதிதல்ல. மதரஸாவில் 'ஹிமா' என்ற சொல்லைப் படித்திருக்கிறோம். பொது நன்மைக்காக ஒதுக்கிக் காக்கப்படும் நிலம் அது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஉ என்ற இடத்தை அப்படி ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ஹிமாவுக்குப் பொறுப்பாளராக ஹுனை என்பவரை நியமித்தபோது, சில ஒட்டகமும் சில ஆடும் மட்டுமே உள்ள ஏழைகளை உள்ளே விடும்படி கட்டளையிட்டார்கள். வசதி படைத்தோரின் மந்தை அழிந்தாலும் அவர்களுக்குத் தோப்பும் வயலும் இருக்கும். ஏழையின் கால்நடை அழிந்தால் பைத்துல்மால்தான் அவரைத் தாங்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நிலத்தைக் காப்பதன் பாரம் ஏழை மேல் விழக்கூடாது என்று அவர்கள் பார்த்தார்கள். கடிதம் எழுதும்போது எனக்கு இது நினைவில் வரவில்லை.

ஆகவே நிர்வாகக் குழு மஷூரா செய்து, இந்தத் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. என் பழைய கடிதம் ரத்து. விரும்புகிற குத்தகைதாரர் கரையோரம் பத்தடி விடலாம். அந்தப் பத்தடிக்குக் குத்தகை கிடையாது. அதில் முளைக்கும் புல் அவர் மாட்டுக்கு. மரக்கன்றும் வேலிச் செலவும் அறக்கட்டளையின் பொறுப்பு. ஐந்து வருஷத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம். நெல் விலை ஏறினால் நடுவில் உட்கார்ந்து பேசலாம். விரும்பாதவரின் குத்தகைக்கு எந்தப் பங்கமும் வராது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குத்தகை வருமானத்திலிருந்துதான் நம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை போகிறது. குத்தகை குறைந்தால் அதில் துண்டு விழும். அந்தச் சுமையை மாணவர்கள் மேல் போட எனக்கு மனமில்லை. குளத்துத் தண்ணீரில் பயன்பெறுவது ஊர் முழுவதும். வீட்டுக்கு ஒரு சிறு தொகை என்று வைத்தாலே துண்டு அடைபடும் என்று பொருளாளர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கு உங்கள் கையில் உள்ள தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள்.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட பெரியவர் இந்தச் சபையில் இருக்கிறார். அவருக்குரிய பதிலை இன்று நீங்கள்தான் தர வேண்டும்.