ஆளில்லா அறையின் திறவுகோல்

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் சென்ற நம்மவர், ஊரிலுள்ள வீட்டைப் பூட்டித் திறவுகோலை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வது வழக்கம். மழையில் ஓடு சரிந்தாலும் குழாயில் நீர் கசிந்தாலும் அவர் திறந்து கவனித்துக்கொள்வார். திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். அவர் வேறிடம் பெயர்ந்தால் மறவாமல் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் செய்வோம். அலுவலகத்துக் கணிப்பொறிகளுக்கும் இத்தகைய திறவுகோல்கள் உண்டு. அவை எத்தனை பேர் கையில் கிடக்கின்றன என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொலைவிலிருந்து ஒரு கணிப்பொறியை இயக்குவதற்கு இரண்டு முறைகள் உள்ளன. ஒன்றில், அப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர் எண்ணைச் சொல்லி, 'வரலாம்' என்று இசைவளிக்க வேண்டும். மற்றொன்றில் எதிரே ஆளே வேண்டியதில்லை. நள்ளிரவானாலும் விடுமுறை நாளானாலும், உரிமை பெற்றவர் உள்ளே நுழைந்து பழுதைச் சரிசெய்து திரும்பலாம். இந்த இரண்டாம் முறையால் விளையும் நன்மையையும் கேட்டையும் நாங்கள் நகரியில் நேரிற் கண்டோம்.

நகரியும் அதை அடுத்த ஏகாம்பரகுப்பமும் விசைத்தறிகளின் ஓசை கேட்கும் ஊர்கள். அங்கே நூல் கொடுத்துத் துணியாக வாங்கும் ஒரு வணிக இல்லத்தின் ஐந்து கணிப்பொறிகளைப் பேணும் பொறுப்பு எங்கள் இருவருக்கும் இருந்தது. குடியிருப்போ திருத்தணியில். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. இரயிலில் போய்வருவோருக்கு அந்த எல்லை வெறும் பெயர்ப்பலகையாகவே இருந்துவந்தது. 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது அது மதிலாயிற்று. எங்களால் நகரிக்குப் போக இயலவில்லை. நெசவாளர் கூலிக் கணக்கோ அங்குள்ள பொறியில் இருந்தது.

அவசரத்தில் நாங்கள் செய்த காரியத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். விண்டோஸில் உள்ள 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதிக்குரிய வாயில் எண் 3389. அலுவலக ரூட்டரில் அந்த வாயிலை இணையத்தை நோக்கித் திறந்துவைத்தோம். கடவுச்சொல்லாகக் கடையின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதினோம். சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. பிறகு ஒருநாள் காலை கணக்குக் கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. திறந்திருக்கும் வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே இணையத்தில் ஓயாது இயங்கும் நிரல்கள் உண்டு என்பதை அன்றுதான் உறைக்க உணர்ந்தோம். காப்புப் பிரதி வைத்த வட்டும் அதே பொறியில் சதா இணைந்திருந்தமையால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. இறுதியில் கைகொடுத்தவை, தறிக்காரர் ஒவ்வொருவரும் வீட்டில் வைத்திருந்த காகிதச் சிட்டைகளே. அவற்றைக் கொண்டு கூலிக் கணக்கை மீண்டும் எழுதி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அந்நாட்களில் அவர்கள் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்க எங்களுக்கு நா எழவில்லை.

பின்னர் அமைத்த முறை வேறு. இணையத்தை நோக்கி எந்த வாயிலும் திறக்கப்படவில்லை. ஒவ்வொரு பொறியிலும் ஒரு சிறு நிரல் பணிச்சேவையாக நிறுவப்பட்டது. யாரும் உள்நுழையுமுன்பே, பொறி விழித்தவுடன் அது இயங்கத் தொடங்கி, தானே வெளியே சென்று நடுச் சர்வரோடு தொடர்பு கொள்ளும். நாங்களும் அந்தச் சர்வரின் வழியாகவே வரவேண்டும். வரும்போது கடவுச்சொல் மட்டும் போதாது. கைபேசியில் அவ்வப்போது தோன்றும் எண்ணும் வேண்டும். இந்த இரண்டாம் பூட்டைத் தொல்லையென்று கருதுவோர் உண்டு. எங்களுக்கும் அப்படித் தோன்றிய காலம் இருந்தது!

ஆளில்லாத இடத்திற்கே உரிய சிறு காரியங்களும் சில உண்டு. பொறி உறங்கிவிட்டால் எவ்வளவு தட்டினும் பயனில்லை. ஆகவே உறக்கத்தை நிறுத்திவைத்தோம். மின்சாரம் நின்று மீண்டால் தானே எழும்படி அதன் அடிப்படை அமைப்பில் மாற்றினோம். வேலை முடிந்து நாங்கள் விலகியதும் திரை பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் அவ்வழிச் செல்பவர் எவரும் அதைக் கையாளலாம். பகலில் ஊழியர் பணிபுரியும்போது நாங்கள் நுழைந்தால் அவர் திரையில் அறிவிப்புத் தோன்றவும் செய்தோம். தம் மேசையைப் பிறர் பார்ப்பதை அறியும் உரிமை அவருக்கு உண்டன்றோ? காப்பு வட்டு இப்போது பிரதி எடுக்கும் நேரத்தில் மட்டுமே இணைக்கப்படுகிறது.

திறவுகோலைத் திரும்பப் பெறும் காரியமே எல்லாவற்றிலும் கடினம். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய் சில நாட்கள் நின்றதையும், எரிபொருள் நிலையங்களில் மக்கள் வரிசையில் காத்திருந்ததையும் நேயர்கள் செய்தியிற் கேட்டிருக்கலாம். வழக்கில் இல்லாத பழைய தொலைத்தொடர்புக் கணக்கு ஒன்றின் வழியே திருடர் புகுந்தனர். அதற்குக் கடவுச்சொல் ஒன்றே காவல். நமது நாட்டில், 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட ஆணை, இத்தகைய ஊடுருவலை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், பதிவேடுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்றும் கூறுகிறது. யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு இல்லாவிட்டால் தெரிவிப்பதற்குத்தான் என்ன இருக்கும்?

நகரி அலுவலகத்தில் நாங்கள் ஒருநாள் பட்டியல் எடுத்தோம். பொறிகள் ஐந்து, நுழைய உரிமை பெற்றிருந்தோர் ஒன்பதின்மர். அவர்களுள் ஒருவர் இரண்டாண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டு ஐதராபாத் சென்றவர். நல்ல மனிதர், தம்மிடம் அந்த உரிமை இன்னும் இருப்பதே அவருக்குத் தெரியாது. அறுவரின் பெயர்களை நீக்கினோம்.

சென்ற ஆண்டு நாங்களும் அப்பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தோம். அன்று மாலையே எங்கள் பெயர்களையும் எடுத்துவிடுமாறு சொல்லிவந்தோம். மறுநாள் காலை திருத்தணியில் வீட்டிலிருந்தபடியே உள்ளே செல்ல முயன்று பார்த்தோம். கதவு திறக்கவில்லை.