ஒரே செய்தி, இரண்டு தலைப்பு

1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்து பார்க்க வந்த கூட்டம் நெரிசலில் சிக்கியது. இறந்தவர்கள் 97 பேர். லிவர்பூல் அணியின் ரசிகர்கள் குடித்திருந்தார்கள், பிணத்தின் சட்டைப்பையில் கை விட்டுத் திருடினார்கள் என்று போலீஸ் தரப்பிலிருந்து பேச்சு கிளம்பியது. நான்காம் நாள் 'தி சன்' என்ற டேப்ளாய்டு, அதாவது சிறிய தாளில் வரும் பரபரப்பு நாளிதழ், அதை முதல் பக்கத்தில் போட்டது. தலைப்பு: 'உண்மை'.

பெரிய தாளில் வந்த கௌரவமான பத்திரிகைகளும் இதை வெளியிடத்தானே செய்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவற்றில் பல 'போலீஸார் குற்றச்சாட்டு' என்று, சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுதின. அதனால் பழி முழுதும் நீங்கிவிடாது. அவதூறு அதிலும் பரவத்தான் செய்தது. இருந்தாலும், சந்தேகப்பட வாசகருக்கு ஓர் இடம் மிச்சம் இருந்தது. 'உண்மை' என்ற தலைப்பில் அந்த இடமே இல்லை. 2012இல் இந்த நெரிசலை ஆராய்ந்த சுயாதீனக் குழு ஆவணங்களைப் புரட்டியபோது அந்தக் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமே இல்லை என்று தெரிந்தது. சன் மன்னிப்புக் கேட்டது. லிவர்பூல் நகரில் பலர் இன்றும் அதை வாங்குவதில்லை.

தாளின் அளவு இதில் ஒரு பொருட்டல்ல. லண்டன் 'டைம்ஸ்' 2004இலேயே சிறிய அளவுக்கு மாறிவிட்டது. அவசரத்தில் படிப்பவருக்குச் சுருக்கமான தலைப்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். 'போலீஸ் புகார்' என்பதும் இரண்டே சொல்தானே!