ஃப்ளை ரீல்: காசை எங்கே போடணும்?

சூலக்கரையில இருந்து பேசுறேன். முதல் சம்பளத்துல ஃப்ளை ரீல் வாங்கப் போறவங்க இதைக் கேட்டுட்டுப் போங்க.

ஃப்ளை மீன்பிடியில எடை இரையில இல்லை, லைன்லதான் இருக்கு. அந்த லைனைச் சுற்றி வைக்கிறதுதான் ரீலோட முதல் வேலை. ராடில் 5 என்று போட்டிருந்தால் லைனும் ரீலும் 5-க்கு ஏற்றதா இருக்கணும்.

அடுத்து நான் கேக்குறது, எந்தத் தண்ணி? நீலகிரி அவலாஞ்சியில 1907-லேயே ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்தது. அந்த மாதிரி ஓடைகளுக்கு 'கிளிக்' சத்தம் போடுற சாதாரண ரீலே போதும். எங்க கண்மாய் விராலுக்கும் அப்படித்தான். கையாலேயே லைனை இழுத்துடலாம். மிச்சக் காசை நல்ல லைனுக்குப் போடுங்க.

தூத்துக்குடி கடல்ல கதையே வேற. பாறை மீன் கடிச்சு ஓடினா, லைன் தீர்ந்து பின்னால கட்டின நூலும் உருவிட்டுப் போகும். அங்கே ரீலோட பிரேக், அதாவது ட்ராக்தான் காப்பாத்தும். உப்புத்தண்ணி உள்ளே போகாத, சீல் செய்த டிஸ்க் ட்ராக் வாங்குங்க.

கடலுக்குப் போய் வந்த அன்னிக்கே ட்ராக்கை இறுக்கி, நல்ல தண்ணியில மெதுவா கழுவுங்க. ஸ்பூலைக் கழற்றி நிழல்ல காய வைங்க. சீல் செய்த ட்ராக்கைப் பிரிச்சு எண்ணெய் விடாதீங்க. காய்ந்ததும் ட்ராக்கைத் தளர்த்திடுங்க. இறுக்கமாவே கிடந்தா உள்ளே தட்டுகள் ஒட்டிக்கும். கண்மாய் வற்றி ரீல் மாசக்கணக்குல சும்மா கிடக்கிற எங்க ஊர்ல, இந்த ஒரு பழக்கம்தான் ரீலைக் காப்பாத்துது.

உங்க தண்ணி எதுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல லைன் பத்திப் பேசுவோம்.