செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன்
1941-ஆம் ஆண்டு மும்பையின் பரேலில் திறக்கப்பெற்ற டாடா நினைவு மருத்துவமனை, அணுசக்தித் துறையின் நிர்வாகத்தில் 1962 முதல் இயங்கி வருகிறது; நாட்டின் பல மூலைகளிலிருந்தும் புற்றுநோயாளிகள் அங்கு வந்து காத்திருக்கின்றனர்.

அவ்வாறு நோயுற்ற உறவினரைப் பார்க்கச் செல்வோர், 'ஏதாவது வேண்டுமானால் கூசாமல் சொல்லுங்கள்' என்று உபசாரமாகக் கூறி விடைபெறுவது வழக்கம். வாய்விட்டுக் கேட்கச் சங்கோசப்படும் நோயாளியோ பெரும்பாலும் கேட்பதே இல்லை. அதற்குப் பதிலாக, 'செவ்வாய்க்கிழமை நான் உங்களோடு பரேலுக்கு வருகிறேன், ஃபைலோடு வரிசையில் நிற்பது என் பொறுப்பு' என்று சொல்லிப் பாருங்கள். அந்த முகம் தெளிவதைக் காண்பீர்கள்.

வாய், தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர்க்குப் புண் உண்டாகி, மிளகு ரசம்கூட நெருப்பாய் எரியுமாதலால், காரமின்றிக் குழையப் பிசைந்து ஆறவைத்த சாதத்தை ஒரு டிபன் கேரியரில் கொண்டுபோய்க் கொடுப்பது, ஆயிரம் ஆறுதல் வார்த்தைகளுக்கு மேலானது. கீமோதெரபியால் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் தினங்களிலோ, சளியும் இருமலும் உள்ளவர்கள் போகாமலிருப்பதே பெரிய உபகாரம்.

ஆகவே அன்பர்களே, என்ன வேண்டும் என்று கேட்டு நிற்காதீர்கள். இன்ன நாள், இன்ன காரியம் என்று சொல்லுங்கள், சொன்னபடி போய் நில்லுங்கள்.