உறைந்த எண்ணெயும் உறையாத தயிரும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



1971-ஆம் ஆண்டு டிசம்பரில் நானும் என் மனைவியும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லிக்குக் குடிபெயர்ந்தோம். சென்னையில் நீராய் இருந்த தேங்காய் எண்ணெய், புது தில்லியில் இறங்கியபோது புட்டிக்குள் வெண்கல்லாய் இறுகியிருந்தது. கெட்டுவிட்டதென்று எறியப் போனேன். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைவது இயல்பென்று அதற்குமுன் நான் அறிந்தேனில்லை.

எண்ணெய் உறைந்தது, தயிரோ உறைய மறுத்தது. உறை ஊற்றிய பால் மறுநாளும் பாலாகவே நின்றது. குடிபுகுந்த வீட்டில் இது நற்சகுனமன்று என்று என் மனைவி கண் கலங்கினாள். அடுத்த வீட்டாரைக் கேட்க மொழி தெரியாது. அவர்கள் நம்மைக் கண்டு நகைக்கிறார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் வேறு! அதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை.

அவ்வீட்டு அம்மையார் 1947-இல் லாகூரைத் துறந்து வந்தவர். ஒருநாள் மாலை தாமே எங்கள் சமையலறைக்குள் வந்தார். பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். பாலை இளஞ்சூடாக்கி, உறையைச் சற்று மிகுதியாக இட்டு, தம் தோளிலிருந்த கம்பளிச் சால்வையால் சுற்றி, கோதுமை மாவு டப்பாவினுள் இறக்கி வைத்தார். மறுநாள் தயிர் கட்டியாய்த் தோய்ந்திருந்தது. தயிராக்கும் நுண்ணுயிர்கள் வெதுவெதுப்பில்தான் நன்கு பெருகும் என்று பின்னாளில் படித்தேன்.

சால்வையைத் திரும்பப் பெற அவர் இசையவில்லை. சளி பிடித்தால் மட்டும் மிளகு ரசம் கேட்டு வருவார். 'மதராஸி மருந்து' என்பது அவர் இட்ட பெயர். என் மனைவியின் இந்தி அச்சமையலறையில் தொடங்கியது. என் இந்தி இன்னும் தொடங்கவில்லை!

அம்மையார் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. இவ்வாண்டுக் குளிரிலும் எங்கள் இட்லி மாவு அச்சால்வைக்குள்தான் பொங்கியது.