மேடையும் மணற்படியும்

(தாம்பரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஊராட்சிப் பணியாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது வைபவங்களில் குத்துவிளக்கு ஏற்றுகிறோம். பெரியோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். மதிப்பை ஒரு பொருளைக் கொண்டு உணர்த்துவது நம் வழக்கம். சென்ற ஆண்டு நம் வட்டாரத்து இருளர் மக்களையும் அவ்வாறு சிறப்பிக்க விரும்பினோம். நோக்கம் நல்லதே; செய்த முறையில் பிழை நேர்ந்தது. அதைக் கூறவே இன்று வந்தோம்.

மாசி மகத்தையொட்டி இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவதை நீங்கள் அறிவீர்கள். சேலைகளால் கூடாரம் அமைத்து இரவு தங்குவர். விடியற்காலையில் மணலில் ஏழு படிகள் கட்டி, வெற்றிலை, பாக்கு, பூ, பழம், தேங்காய் படைத்துக் கன்னியம்மனை வழிபடுவர். பெண் நிச்சயிப்பதும் தாலி கட்டுவதும் அங்கேயே நடைபெறும். அப்படிகளுக்குக் கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அலை ஏறினால் கரைந்துவிடும்.

நாம் செய்தது என்ன? மேடையோரம் மணலைக் கொட்டி ஏழு படிகள் கட்டினோம். வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நச்சுப் பாம்புகளை மட்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதன் நினைவாக வெறும் பானை ஒன்றையும் படியருகே வைத்தோம். அலங்காரம் அழகென்று நாமே மெச்சிக்கொண்டோம்!

அழைப்பின் பேரில் வந்த மூதாட்டி ஒருவர் மேடை ஏற மறுத்துவிட்டார். "பானை எங்கள் பிழைப்பு, படி எங்கள் அம்மா. இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டீர்களே, ஐயா! அம்மாவை நாங்களல்லவா அழைக்க வேண்டும்?" என்றார்.

கனடா நாட்டில் சில நீதிமன்றங்களில், சாட்சி சொல்ல வரும் பழங்குடியினர் விரும்பினால் கழுகிறகைக் கையில் ஏந்திப் பிரமாணம் செய்யலாம். இறகை ஏந்துபவர் அம்மக்களே. அது நீதிமன்றத்தின் அலங்காரம் அன்று. நாமோ ஒருவரையும் கேளாமல் படி கட்டினோம்.

போர்த்த வைத்திருந்த பொன்னாடையையும் அம்மூதாட்டி ஏற்கவில்லை. பேரனின் படிப்புக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும், மனுக் கொடுத்து அலைகிறோம் என்றார். கோட்டாட்சியரின் கையொப்பம் பெற வேண்டிய காகிதம் அது. எழுதப் படிக்கத் தெரிந்த நம்மில் எவரும் அதுவரை அவர்களுடன் அலுவலகப் படி ஏறியதில்லை.

அடுத்த கிராம சபையில் இருளர் மனுக்களை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். விளக்கேற்றுவதா, வேறு ஏதேனும் செய்வதா என்பதை அவர்களையே கேட்போம். ஒன்றும் வேண்டாம் என்றாலும் சரியே. மாசிப் பௌர்ணமிக்கு அம்மூதாட்டி நம்மை மாமல்லபுரத்திற்கு அழைத்திருக்கிறார். வர விரும்புவோர் முந்தின நாள் மாலை தாம்பரம் பேருந்து நிலையத்திற்கு வந்து சேருங்கள். புகைப்படக் கருவி வேண்டாம்.